சுண்டுவிரலைக் கேட்டு வாங்க வேண்டிய கீபோர்டு

'சாட்சியம்' என்ற சொல்லைத் தமிழ்99 என்ற கீபோர்டு எழுத்து வரிசையில் தட்ட ஒன்பது விசைகளை அழுத்த வேண்டும்: ச, ஆ, ட, புள்ளி, ச, இ, ய, ம, புள்ளி. இந்த ஒன்பதில் ச இரண்டு முறையும் ய ஒரு முறையும் வலது கைச் சுண்டுவிரலுக்கு வருகின்றன. கையில் இருப்பதிலேயே நோஞ்சான் விரல் அது. மூன்றில் ஒரு பங்கு வேலை அதன் தலையில் விழுகிறது. பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்து எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மனு, பிரமாணப் பத்திரம், பாகப்பிரிவினை, கிரைய ஒப்பந்தம் என்று காலையில் தொடங்கினால் விளக்கு வைத்த பிறகும் தட்டிக்கொண்டிருப்பேன். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது பதினேழாவது ஆண்டில், விரல் வலிக்கத் தொடங்கிய பிறகு.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் தங்கை மகள் சென்ற மாதம் ஐந்து கீபோர்டுகளின் படங்களை அனுப்பி, "பெரியம்மா, இதில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்வில் ஹையர் முடித்தவள். எட்டு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே ஆய்வேடுகளும் புத்தகங்களும் தட்டித் தருகிறாள். நாலாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறாள். குழந்தை தூங்குகிற நேரம்தான் அவளுக்கு வேலை நேரம். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொன்ன பதில்தான். நாள் முழுவதும் தமிழ் தட்டுகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

அவள் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் விமர்சனம் குவிந்து கிடக்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் தட்டுகிறவர்கள், அல்லது விளையாடுகிறவர்கள். ஆங்கிலத்தில் வலது சுண்டுவிரலுக்கு உரிய எழுத்து என்று பார்த்தால் பி ஒன்றுதான். அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறிகள், சாய்கோடு எல்லாம் எப்போதாவது தட்டுபவை. தமிழ்99-இல் அதே இடங்களில் உட்கார்ந்திருப்பவை ண, ந, ய, ச, ஞ, ழ. அவை இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. ஆகவே ஆங்கிலம் தட்டுகிறவருக்குச் சுகமாக இருக்கும் கீபோர்டு நமக்கும் அப்படியே சுகமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதை ஒப்பிட்டாலும் அந்த ஆறு விசைகளையும் தட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய தட்டச்சுப்பொறி வரிசையில் பழகியவர்கள், நாங்கள் வேறு முறை ஆயிற்றே என்று விலகிவிட வேண்டாம். அந்த வரிசையை ஒட்டி அமைந்த பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் புள்ளியே வலது சுண்டுவிரலுக்கு நேர் கீழே இருக்கிறது. அதற்கு மேலே இகரக் கொக்கி. 'சாட்சியம்' என்பதை அதில் தட்டினால் புள்ளி இரண்டு, கொக்கி ஒன்று. அதே ஒன்பதில் மூன்று. தமிழில் புள்ளி எத்தனை வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கை மகள் தட்டுவது இந்தப் பழைய வரிசையில்தான்.

தமிழ்99 இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட வரிசை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே வந்துவிட்டது. பாதி இடங்களில் அதையும் தட்ட வேண்டியதில்லை. 'பாளையங்கோட்டை' என்று தட்டுங்கள்: ப, ஆ, ள, ஐ, ய, ங, க, ஓ, ட, ட, ஐ. பதினொரு தட்டு. ங-வுக்குப் பின் க வந்தால் புள்ளி தானாக விழுகிறது, ட-வை இரண்டு முறை தட்டினாலும் அப்படியே. ஷிப்ட் ஒரு முறைகூட இல்லை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறைக்காரர்கள் ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் ஷிப்டைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பிடிப்பதும் சுண்டுவிரல்தான். கீபோர்டு மாற்றுவதற்கு முன்பு முறையை மாற்ற முடியுமா என்று பார்ப்பது செலவில்லாத வழி. எனக்குப் பழைய வரிசையிலிருந்து மாற இரண்டு மாதம் பிடித்தது. கைக்குழந்தையும் கையில் வேலையுமாக இருக்கிறவளிடம் இப்போது மாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி அவள் அனுப்பிய ஐந்து.

முதலாவது, எல்லா அலுவலகங்களிலும் இருக்கும் சாதாரணக் கீபோர்டு. ஐந்நூறு முதல் எண்ணூறு ரூபாய்க்குள் ஜங்ஷன் பக்கம் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் குமிழ், அதன் கீழே மின்பாதை அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். விரல் அழுத்தக் குமிழ் மடங்கி, கீழே தாள்கள் ஒன்றோடொன்று தொட்டால்தான் எழுத்து விழும். விசையை அடிமட்டம் வரை அழுத்தியே தீர வேண்டும். சுண்டுவிரலுக்கு இதுதான் பெரிய தண்டனை. புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும். எட்டு மாதம், பத்து மாதம் போனால் அதிகம் தட்டும் விசைகளின் குமிழ்கள் தளர்ந்து, மற்றவை விறைப்பாகவே இருக்கும். ஒரே பலகையில் ஒரு விசை ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி. சத்தம் குறைவு, தேநீர் சிந்தினாலும் சில சமயம் தப்பிவிடும், கெட்டுப்போனால் மனம் பதறாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தட்டுகிறவருக்கு இதற்கு மேல் செலவு தேவையில்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆறு மணி நேரம் தட்டுகிறவருக்கு இது ஆகாது.

இரண்டாவது, மடிக்கணினியில் இருப்பதைப் போன்ற தட்டையான கீபோர்டு. விசை இறங்கும் ஆழம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். தொட்டால் எழுத்து விழும். பலகை தாழ்வாக இருப்பதால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைவதில்லை. தட்டச்சுப்பொறியில் பழகாத, மென்மையாகத் தட்டுகிற பிள்ளைகளுக்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது; என் கடையில் பகுதி நேரம் வேலை செய்யும் கல்லூரி மாணவி இதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். இன்ஸ்டிடியூட்டில் இரும்புப் பொறியை ஓங்கி அடித்துப் பழகிய எங்களைப் போன்றவர்கள் இதில் தட்டினால், அடி முழுவதும் கீழிருக்கும் கெட்டித் தகட்டில் மோதி விரல் நுனிக்கே திரும்புகிறது. மாலையில் நுனிகள் கன்றிப்போகும். இன்னொன்றும் உண்டு. கைப்பையில் போடும் சின்னக் கீபோர்டுகளில் அகலத்தைக் குறைக்க வலது ஓரத்து விசைகளைத்தான் ஒடுக்குகிறார்கள். ச, ஞ, ய, ழ எல்லாம் பாதி அகலத்தில் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்த ஓரத்தைப் பார்க்காமல் அந்த வகையை வாங்கவே கூடாது. அவள் அனுப்பியதில் அப்படித்தான் இருந்தது. கழித்துவிட்டோம்.

மூன்றாவது, நீல சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு. தமிழ்நாட்டில் டைப்பிங் தொழிலில் இருப்பவர்களுக்கு மெக்கானிக்கல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது டிவிஎஸ் கோல்டுதான். தட்டும்போது வரும் 'டிக் டிக்' சத்தத்தை வைத்தே அடுத்த அறையிலிருந்து அடையாளம் சொல்லலாம். இந்த வகையில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் வில்லும் தொடுமுனையும் கொண்ட தனித்தனி சுவிட்ச் உண்டு; அது எப்படிப்பட்டது என்பதை நிறம் சொல்லும். விசை மொத்தம் நாலு மில்லிமீட்டர் இறங்கும். எழுத்து ஏறத்தாழ நடுவழியிலேயே, இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியதும் விழுந்துவிடும். அடி வரை போக வேண்டியதில்லை. விழுந்துவிட்டது என்று விரலுக்கு ஒரு சிறு தடங்கலும் காதுக்கு ஒரு சத்தமும் சொல்லிவிடுகின்றன. தட்டச்சுப்பொறியிலிருந்து வந்தவர்களுக்கு இது பிறந்த வீட்டுக்குப் போவது போல. பல ஆண்டுகள் உழைக்கும். முழு அளவு, எண் தொகுதி எல்லாம் இருக்கும். மூவாயிரத்தை ஒட்டிய விலை.

நான் பத்து ஆண்டுகளுக்கு மேல் நீல சுவிட்சில்தான் தட்டினேன். அதன் மேல் எனக்குப் பாசம் உண்டு. அவளுக்கு வேண்டாம் என்று சொன்னதற்கு முதல் காரணம் தொட்டில். ஒரே அறையில் குழந்தை தூங்கும்போது நடுநிசியில் அந்தச் சத்தம் ஆகாது. இரண்டாவது காரணம் எடை. சுவிட்ச் செய்யும் செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்சை இறக்க அறுபது கிராம் அளவுக்கு அழுத்தம் வேண்டும். பழுப்புக்கு ஐம்பத்தைந்து, சிவப்புக்கு நாற்பத்தைந்து. எண்ணில் பார்த்தால் பத்து, பதினைந்து கிராம் அற்பமாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை சுண்டுவிரல் அதைச் சுமக்கும்போது அற்பமாக இருப்பதில்லை.

நான்காவது, பழுப்பு சுவிட்ச் வைத்தது, சுவிட்சைக் கழற்றி மாற்றும் வசதியோடு. ஹாட்ஸ்வாப் என்கிறார்கள். இதற்குப் பிறகு வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

ஐந்தாவது, நடுவில் பிளந்து இரு கைக்கும் விரிந்திருக்கும் எர்கோ வகை. 1994-இல் மைக்ரோசாப்ட் நேச்சுரல் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்ட பிறகுதான் இந்த வடிவம் சாதாரண மேசைகளுக்கு வந்தது. இன்று கடையில் கிடைப்பவற்றில் லாஜிடெக் எர்கோ கே860 பலருக்கும் தெரிந்தது. நேர்ப் பலகையில் தட்டும்போது நம் கைகள் இரண்டும் உள்நோக்கி வந்து, மணிக்கட்டு வெளிப்பக்கமாக, சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நிற்கிறது. விரிந்த பலகையில் கை தோளிலிருந்து நேராக இறங்குகிறது. மணிக்கட்டு நேராக இருந்தால் சுண்டுவிரலுக்குத் தன் ஆறு விசைகளும் எட்டும் தூரத்தில் வரும். மணிக்கட்டு வலி ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், பணம் இருந்தால், இதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பத்தாயிரத்துக்கு மேல் விலை. நாலாயிரம் வைத்திருப்பவளிடம் அதற்கு மேல் பேசுவது நியாயம் இல்லை.

இந்த வகையில் விலை குறைந்த, தாமே பூட்டிக்கொள்ளும் சிறு பிளவுக் கீபோர்டுகளும் உண்டு. நாற்பத்திரண்டு விசை, முப்பத்தாறு விசை என்று மிகக் குறைத்திருப்பார்கள். நாற்பத்திரண்டு விசைப் பலகையில் சதுர அடைப்புக்குறிகள் இரண்டும் தனி விசையாக இருக்காது. தமிழ்99-இல் அவை ச, ஞ. முப்பத்தாறில் ய-வும் போய்விடும். கட்டைவிரலால் வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு ச தட்ட வேண்டும் என்றால், 'சர்வே', 'சொத்து', 'சாட்சி', 'சம்மதம்' என்று எழுதிப் பிழைக்கிற நமக்கு அது எப்படிச் சரிப்படும்? ஆங்கிலத்துக்கு அழகாக அமைந்த பொருள், தமிழுக்கு மொட்டை.

இப்போது நான்காவதுக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மாசி மாதம், நாற்பது பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருந்தது. இரவு வீட்டில் சோற்றைப் பிசையும்போது வலது சுண்டுவிரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்திருந்தன. ஊரெல்லாம் சொல்வது போல் கார்பல் டனல் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மருத்துவர் விரலை விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அது இல்லை என்றார். மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு நெரிபட்டால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் மரத்தால் அது முழங்கையின் உட்பக்கத்தைச் சுற்றி வரும் வேறொரு நரம்பு. முழங்கையை மேசையில் ஊன்றியபடி தட்டுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு. பதினேழு ஆண்டுகளாக உண்டு. எந்த விரல் மரத்துப்போகிறது என்று கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். கீபோர்டை மாற்றினால் தீருமா, உட்காரும் விதத்தை மாற்ற வேண்டுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மரப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

முழங்கையைத் தூக்கிய பிறகு மரப்பு போய்விட்டது. நாள் முடிவில் சுண்டுவிரலின் அசதி மட்டும் போகவில்லை. அப்போதுதான் எடையைப் பற்றி யோசித்தேன்.

யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம். ந விசையின் நடுவில் சிறு அழிப்பான் துண்டு ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் நாணயம் பக்கத்து விசைகளில் இடிக்கும். அதன் மேல் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, கை நடுங்காமல் அடுக்குங்கள். எந்த நாணயத்தில் விசை இறங்குகிறதோ அதுதான் உங்கள் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் தூக்கிப்போடும் சுமை. என் பழைய நீல சுவிட்ச் எட்டாவது நாணயத்தில் இறங்கியது. கடையின் சாதாரணக் கீபோர்டும் எட்டு, பழுப்பு ஏழு, சிவப்பு ஆறு. ஜப்பானில் ரியல்போர்ஸ் என்ற கீபோர்டைச் செய்கிறவர்கள் சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் முப்பது கிராம், மற்ற விரல்களுக்கு அதைவிடக் கூடுதல் என்று வெவ்வேறு எடையில் ஒரே பலகையைச் செய்து விற்கிறார்கள். விரலுக்குத் தக்க எடை என்பது புதிய யோசனை இல்லை என்று அதைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். அதன் விலை நம் கைக்கு எட்டாது. கழற்றி மாற்றும் பலகையில் அதே காரியத்தைக் கொஞ்சம் காசில் செய்துவிடலாம்.

எப்படி என்றால், பலகை முழுவதும் பழுப்பு சுவிட்சோடு வரும். முப்பத்தைந்து கிராம் சுவிட்சுகள் பத்து அடங்கிய பொட்டலம் ஒன்றைத் தனியே வாங்க வேண்டும். ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறு விசைகளின் மூடிகளைக் கழற்றி, கூடவே வரும் இடுக்கியால் சுவிட்சை இரு பக்கமும் அமுக்கி மேலே இழுத்தால் வந்துவிடும். புதியதை வைக்கும்போது அடியில் இருக்கும் இரண்டு செப்புக் கால்களும் வளையாமல் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, செங்குத்தாக அழுத்த வேண்டும். சில பலகைகள் மூன்று கால் சுவிட்சை மட்டும் ஏற்கும். ஐந்து கால் சுவிட்ச் வந்துவிட்டால் ஓரத்து இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிடலாம். செப்புக் காலைத் தொடக்கூடாது. எனக்குக் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

நாணயச் சோதனையில் அந்த ஆறு விசைகளும் இப்போது ஐந்தாவதில் இறங்குகின்றன. முதல் வாரம் சிரமமாக இருந்தது. விரலைச் சும்மா வைத்தாலே ந விழுந்தது. 'நநிலம்', 'நநீதி' என்று திருத்திக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரலை விசையின் மேல் கிடத்தாமல் சற்றே தூக்கி வைக்கப் பழகிய பிறகு அது நின்றுவிட்டது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மாலை, கடையைச் சாத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, வழக்கம்போல் வலது கையை உதறவில்லை என்பது கவனத்துக்கு வந்தது.

சிவப்பு சுவிட்சை முழுவதுமாகப் போட்டுவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. சிவப்பில் நடுவழித் தடங்கல் கிடையாது. வழுக்கிக்கொண்டு அடிவரை போகும். மடிக்கணினியிலேயே வளர்ந்தவர்கள் அதை விரும்புவார்கள். பொறியில் பழகிய விரல் ஒரு தடங்கலைத் தேடும்; அது கிடைக்காவிட்டால் எழுத்து விழுந்ததா என்ற சந்தேகத்தில் ஓங்கிக் குத்தும். அதனால் மற்ற விரல்களுக்குப் பழுப்பு, வலது சுண்டுவிரலுக்கு மட்டும் மென்மையானது என்பது எங்கள் தலைமுறைப் பழக்கத்துக்கும் அவளுக்கும் பொருந்துகிறது. பழுப்பு முழு ஊமை இல்லை. அடியில் மோதும் சத்தம் உண்டு. கீழே ஒரு கனத்த துணி விரித்தால் தொட்டில் வரை போகாது.

எண் தொகுதி வேண்டுமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் சற்று நேரம் பேச்சு நடந்தது. அது இல்லாத எண்பத்தேழு விசைப் பலகை எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் குறுகலாக இருக்கும். அந்த அளவுக்கு மவுஸ் பக்கத்தில் வரும், தோள் இழுபடாது. ஆய்வேடு மட்டும் தட்டுகிறவளாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். அவள் பத்திர வேலையும் எடுக்கிறாள். சர்வே எண் 214/3 என்று தட்டும் ஒவ்வொரு முறையும் நான் தட்டும் தமிழ்99-இல் சாய்கோட்டுக்குப் பதில் ழ விழும். என் கணினியில் எண் தொகுதியில் இருக்கும் சாய்கோட்டைத் தட்டினால் மொழி மாற்றாமலே சாய்கோடு விழுகிறது. ஏக்கர், சென்ட், நான்கெல்லை அளவு, தொகை என்று எண்களாகவே வரும் பத்திரத்தில் இந்த ஒரு வசதியே போதும் எண் தொகுதியை வைத்துக்கொள்ள. ஆகவே முழு அளவு. மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொள் என்று சொன்னேன். பத்து நாளில் பழகிவிடும். வலது தோளுக்கும் ஓய்வு.

தூசியைப் பற்றி வெளியூர் விமர்சனங்களில் ஒரு வரிதான் இருக்கும். நமக்கு அது போதாது. ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் சாத்திய ஜன்னலையும் தாண்டி மேசையில் மண் படிகிறது. திசையன்விளையில் டைப்பிங் கடை வைத்திருக்கும் என் தோழிக்குத் தேரிக்காட்டுச் செம்மண்தான் சத்துரு. சாதாரணக் கீபோர்டை அவள் திருப்பிப்போட்டுத் தட்டினால் கொஞ்சம் உதிரும், மற்றது உள்ளேயே தங்கிவிடும். மெக்கானிக்கலில் மூடிகளைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்து, பலகையைப் பழைய பெயின்ட் தூரிகையால் துடைத்துவிடலாம். ஒரு விசை மட்டும் சண்டித்தனம் செய்தால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். சிற்றெறும்புக்கும் இதுதான் மருந்து. தேநீர்க் கோப்பையை மேசைக்கு ஏற்றாமல் இருப்பது அதைவிட நல்ல மருந்து.

விசை மூடி எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பது நம் ஊர் வெயிலுக்கு அவசியம். ஏபிஎஸ் என்றால் வியர்வையும் எண்ணெயும் பட்டுச் சில மாதங்களிலேயே பளபளவென்று வழுக்கத் தொடங்கும். பிபிடி சொரசொரப்பாகவே நெடுநாள் இருக்கும். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் பசை இளகி, ஓரம் சுருண்டு, விரலில் ஒட்டிக்கொண்டு வரும். பார்க்காமல் தட்டுகிறவருக்கு ஆள்காட்டி விரல்களுக்கு உரிய இரண்டு விசைகளிலும் இருக்கும் சிறு மேடு போதும். தமிழ்99-இல் அவை புள்ளியும் பகரமும். கம்பியில்லாதது, பல வண்ண விளக்கு எரிவது இவற்றுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

எந்தக் கீபோர்டை வாங்கினாலும் அதன் பின்னங்கால்களை மடக்கியே வைத்திருங்கள். அவற்றை விரித்தால் பலகை பின்பக்கம் உயர்ந்து மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிகிறது. எழுத்தைப் பார்த்துத் தட்டுகிறவருக்காக வைத்த கால்கள் அவை. மெக்கானிக்கல் பலகை தடிமனாக இருப்பதால் மணிக்கட்டுக்கு முன்னால் ஒரு தாங்கி வேண்டும். பஞ்சு வைத்தது நம் வியர்வைக்கு நாற்றமெடுக்கும். நான் பழைய தேக்குச் சட்டம் ஒன்றை அறுத்து, மேலே பருத்தித் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன். தட்டும்போது மணிக்கட்டு அதில் அழுந்தக்கூடாது. நிறுத்தும்போது இளைப்பாறவே அது.

மேசை உயரம் இதைவிட முக்கியம். கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டரை அடி உயர மர மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை மேசைக்குக் கீழே போய்விடுகிறது. கையைத் தூக்கித் தட்ட வேண்டியிருக்கிறது, அல்லது நான் செய்ததைப் போல் முழங்கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. நாற்காலியில் கெட்டியான திண்டு போட்டு, முழங்கை மேசை மட்டத்துக்குச் சற்று மேலே வரும்படி உயர்ந்து உட்காருங்கள். கால் தரையைத் தொடாவிட்டால் ஒரு மணைப்பலகையை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கீபோர்டு வாங்கினாலும் பயன் இல்லை. என் தங்கை மகளிடம் பணம் அனுப்புவதற்கு முன் மேசையிலும் நாற்காலியிலும் அளவெடுத்துச் சொல்லச் சொன்னேன். ஓர் அங்குலத் திண்டு போதும் என்று கணக்கு வந்தது.

நூற்று நான்கு விசை, பழுப்பு சுவிட்ச், கழற்றி மாற்றும் வசதி, பிபிடி மூடி, கம்பி இணைப்பு. மென்மையான சுவிட்ச் பொட்டலத்தையும் சேர்த்து நாலாயிரத்துக்குச் சில நூறு ரூபாய் கூடியது. அதை நான் போட்டேன். பெட்டியை என் கடை முகவரிக்கே வரவழைத்து, அவளுடைய பழைய வரிசையிலும் சுண்டுவிரல் தொடுவது அதே ஆறு இடங்கள்தான் என்பதால், அந்த ஆறையும் மாற்றி, நாணயம் அடுக்கிப் பார்த்துவிட்டு, தங்கை வந்தபோது கொடுத்தனுப்பினேன். கழற்றிய ஆறு பழுப்பு சுவிட்சுகளையும் ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எண்டரும் ஸ்பேஸ் பாரும்தான் முதலில் தேய்ந்துபோகும். அப்போது அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.